வீட்டுக்காற்று மாசும் நானோ வாயு உணரிகளும்

வீட்டினுள் கலந்திருக்கும் நச்சு வாயுக்களைக் கண்டறிந்து மின் குறிப்பாகத் தரும் கருவி வாயு உணரி ஆகும். விறகடுப்பிலிருந்து கார்பன் மோனாக்சைடும், ஒட்டுப்பலகை, சாயப் பூச்சுகளிலிருந்து பார்மால்டிஹைடும் வெளிப்படுகின்றன. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. ஆகவே மூக்கை நம்பியிருக்க இயலாது.

தொடக்ககால வரலாறு

நிலக்கரிச் சுரங்கங்களில் ஒருகாலத்தில் கூண்டுப் பறவையே உணரியாகப் பயன்பட்டது. 1962இல் ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெட்சுரோ செய்யாமா, சூடாக்கப்பட்ட துத்தநாக ஆக்சைடுப் படலத்தின் மின்தடை வாயு பட்டதும் மாறுவதைக் காட்டினார். அதே ஆண்டில் நவோயோஷி தகுச்சி வெள்ளீய ஆக்சைடு உணரிக்குக் காப்புரிமை கோரினார். 1968இல் அது விற்பனைக்கு வந்து, சமையல் எரிவாயுக் கசிவை எச்சரிக்கப் பயன்பட்டது.

செயல்படும் முறை

காற்றிலுள்ள ஆக்சிஜன், துத்தநாக ஆக்சைடின் மேற்பரப்பில் ஒட்டி எலக்ட்ரான்களைப் பிடித்துக்கொள்வதால் மின்தடை உயர்கிறது. கார்பன் மோனாக்சைடு அந்த ஆக்சிஜனுடன் வினைபுரிந்தால் எலக்ட்ரான்கள் திரும்புகின்றன, மின்தடை குறைகிறது. துகள் சிறுத்தால், அதே எடைக்கு மேற்பரப்பு பெருகும். துகள் சில நானோமீட்டர் அளவுக்குக் குறையும்போது உணர்திறன் வெகுவாகக் கூடுவதை 1991இல் நொபொரு யமசோயே குழுவினர் நிறுவினர். 2000இல் ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள், கார்பன் நானோகுழாய் அறை வெப்பநிலையிலேயே நைட்ரஜன் டை ஆக்சைடையும் அம்மோனியாவையும் உணர்வதைக் காட்டினர்.

தமிழகத்தில்

தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தில் ஜான் போஸ்கோ பாலகுரு ராயப்பன் குழுவினர், கரைசலைச் சூடான கண்ணாடி மீது தெளித்து துத்தநாக ஆக்சைடு நானோ படலங்களை உருவாக்கி, அம்மோனியா, அசிட்டால்டிஹைடு ஆகியவற்றை உணரச் செய்தனர். சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு, தமிழகக் கிராம வீடுகளில் விறகுப் புகையின் நுண்துகள்களை வடிதாளில் சேகரித்து எடைபோட்டு அளந்தது. 2002இல் முடிவுகள் வெளியாயின. எரிவாயுவில் சமைப்போரைவிட விறகில் சமைப்போர் மிகுந்த புகையைச் சுவாசிப்பது அதில் தெரியவந்தது.

கறம்பக்குடியும் எஞ்சியுள்ள சிக்கல்களும்

தஞ்சை மாவட்டத்தை ஒட்டிய கறம்பக்குடி வட்டாரம் போன்ற பகுதிகளில் தென்னை மட்டையும் சுள்ளியும் எளிதில் கிடைக்கும் எரிபொருள்கள். 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்துக்குப் பின் எரிவாயு பல ஏழை வீடுகளை எட்டினாலும், உருளை நிரப்பும் செலவுக்கு அஞ்சி விறகையும் சேர்த்து எரிப்போர் உண்டு. இத்தகைய சமையலறையில் ஈரப்பதமும் தாளிப்பு ஆவியும் உணரியின் அளவைப் பிறழச் செய்யும். ஒரு வாயுவை மற்றொன்றிலிருந்து பிரித்தறிவதும் கடினம். வாயு உணரி புகைத் துகளை அளக்காது. அதற்கு ஒளிச்சிதறல் கருவி வேண்டும். உணரி ஆபத்தை அறிவிக்குமே தவிர நீக்காது. புகைபோக்கி, சன்னல், கட்டுப்படியாகும் எரிவாயு ஆகியவையே அடுப்படியில் நிற்கும் பெண்களையும் குழந்தைகளையும் காப்பவை.