கட்டி கரையும், கிட்னி கவிழும்

கேன்சர் மருந்து வேலை செய்யலைன்னா உயிருக்கு ஆபத்து, சரி. ரொம்ப நல்லா வேலை செஞ்சாலும் ஆபத்துன்னா? அப்படி ஒண்ணு இருக்கு. பேர் ட்யூமர் லைஸிஸ் சிண்ட்ரோம்.

கீமோ கொடுத்ததும் கோடிக்கணக்கான செல்கள் ஒரேயடியா உடையும். உள்ளே இருந்த பொட்டாசியமும் பாஸ்பேட்டும் ரத்தத்துல கொட்டும். டி.என்.ஏ. சிதைஞ்சு யூரிக் அமிலமாகி, படிகமா கிட்னியை அடைக்கும். பாஸ்பேட் ஏற ஏற கால்சியம் இறங்கும். ரத்தப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுத்தவங்ககிட்ட இப்படி நடந்ததை பெட்ர்னா, போல்சாக் என்ற இருவர் 1929-லயே எழுதிட்டாங்க.

இதுக்கு மருந்து கிடைச்ச கதைதான் எனக்குப் பிடிச்சது. கெர்ட்ரூட் எலியன்னு ஒரு அம்மா. 15 வயசுல தாத்தாவை வயிற்றுப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். வேதியியல் படிச்சும், பொண்ணுங்கறதால ஆராய்ச்சி வேலை கிடைக்காம, ஊறுகாயோட புளிப்பைச் சோதிக்கிற வேலையெல்லாம் பார்த்தார் (ஊறுகாய் அமெரிக்காவுலயும் உண்டு!). 1944-ல் பரோஸ் வெல்கம் கம்பெனியில் ஜார்ஜ் ஹிட்சிங்ஸிடம் சேர்ந்தார். அவங்க கண்டுபிடிச்ச மெர்காப்டோப்யூரின் ரத்தப் புற்றுநோய்க்கு நல்லா கேட்டது. ஆனா உடம்புல ஒரு நொதி அதைச் சீக்கிரமே அழிச்சிடும். அந்த நொதியைத் தடுக்கத்தான் அலோபியூரினாலை எடுத்தாங்க. டியூக் பல்கலைக்கழகத்தில் வெய்ன் ரண்டல்ஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தா, யூரிக் அமிலம் சரசரன்னு இறங்குது! அதை உண்டாக்குறதும் அதே நொதிதானே. 1966-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைச்சது. 1988-ல் இருவருக்கும் நோபல். எலியன் கடைசிவரை பிஎச்.டி. முடிக்கவே இல்லை.

அலோபியூரினால் புதுசா உருவாகுறதைத்தான் தடுக்கும். ஏற்கெனவே சேர்ந்ததைக் கரைக்க ரஸ்புரிகேஸ் வந்தது. அமெரிக்காவில் 2002-ல் அனுமதி. நமக்கு இல்லாத, மற்ற பல பாலூட்டிகளுக்கு இருக்கிற ஒரு நொதியோட வேலையை இது செய்யுது. ஜி6பிடி குறைபாடு இருக்கறவங்களுக்கு மட்டும் ஆகாது, ரத்தச் சிவப்பணு உடையும்.

ரத்தப் புற்றுநோய்க்காரருக்கு இதெல்லாம் முன்கூட்டியே கொடுத்துடுவாங்க. நுரையீரல், மார்பகம் மாதிரி திடக்கட்டிகளில் செல்கள் பொதுவா மெதுவா சாகும், அதனால யாரும் எதிர்பார்க்கறதில்லை. ஆனா கட்டி பெரிசா இருந்து, கல்லீரலுக்கும் பரவி, கிட்னியும் ஏற்கெனவே சோர்ந்திருந்தா வரும். சிறுசெல் நுரையீரல் புற்றில் வந்திருக்கு. சில சமயம் கீமோ முடிஞ்சு பல நாள் கழிச்சும் வரும். ஆள் அதுக்குள்ள வீட்டுக்கே போயிருப்பார். சிறுநீர் குறைஞ்சதை கீமோ களைப்புன்னு நினைச்சுப்பாங்க. பொட்டாசியம் ஏறினது இதயத்துடிப்பு தடுமாறும்போதுதான் தெரியும்.