அசிசியார் எழுதாத அசிசியார் செபம்

அசிசியார் திருநாளான அக்டோபர் 4 வந்தால் தென்காசிப் பக்கத்துக் கத்தோலிக்கக் கோவில்களில் ஒரு செபம் தப்பாமல் ஒலிக்கும். பகையும் மனத்தாங்கலும் ஐயமும் சோர்வும் இருக்கிற இடங்களுக்குத் தன்னையே அனுப்பிவைக்கும்படி ஓர் ஆள் கடவுளிடம் கேட்கிற செபம். சிலர் சொல்வார்கள், சிலர் பாட்டாகப் பாடுவார்கள். சிஸ்டர்கள் நடத்தும் பள்ளிக்கூடங்களில் படித்த இந்து, இஸ்லாமியப் பிள்ளைகள் பலருக்கும் அது மனப்பாடம். வடகரையில் கேட்டாலும் செங்கோட்டையில் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "அது அசிசியார் செபம்லா!"

பிரான்சிஸ்கன் சபையைத் தொடங்கிய பிரான்சிஸ் அசிசியார் இறந்தது 1226-இல். அந்தச் செபம் முதன்முதலில் அச்சேறியது 1912 டிசம்பரில். நடுவில் கிட்டத்தட்ட எழுநூறு ஆண்டு. அந்த இடைவெளியில் எந்த ஓலையிலும் தோலிலும் தாளிலும் அதன் சுவடே இல்லை.

அன்னை தெரசா 1979 டிசம்பரில் ஆஸ்லோவில் நோபல் உரையாற்றியபோது, கூடியிருந்தவர்கள் எல்லோரும் அந்தச் செபத்தைச் சேர்ந்து சொல்லும்படி தாளில் அச்சிட்டுக் கொடுத்திருந்தார்கள். நானூறு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் அசிசியார் இதை இயற்றினார், அன்றைக்கும் நம்மைப் போலவே கஷ்டங்கள் இருந்திருக்கும்போல என்ற கருத்தில் அவர் பேசினார். அன்னை பிறந்தது 1910-இல். ஆக, அவர் நாள்தோறும் சொல்லிவந்த அந்தச் செபம் அச்சில் வந்தபோது அவருக்கு இரண்டு வயது நடந்துகொண்டிருந்தது.

செபம் பிறந்த ஊர் பாரிஸ். அங்கே எஸ்தேர் ஒகுஸ்த் பூக்கரெல் என்ற குருவானவர் 1901-இல் திருப்பலிப் பக்தியை வளர்க்க ஒரு சங்கம் தொடங்கியிருந்தார். அதற்கு ஒரு சின்ன மாத இதழ், பெயர் 'லா க்ளொஷெத்', அதாவது பூசை மணி. 1912 டிசம்பர் இதழில், பூசை நேரத்தில் சொல்ல ஓர் அழகான செபம் என்ற தலைப்பில் அது வெளிவந்தது. கீழே கையொப்பம் கிடையாது. பூக்கரெலே எழுதியிருக்கலாம் என்று ஊகிப்பவர்கள் உண்டு; அது ஊகத்தோடு நிற்கிறது. அந்த இதழில் வந்த எத்தனையோ பக்திக் குறிப்புகள் அந்தந்த மாதத்தோடு போய்விட்டன. இதுவும் போயிருக்கும். ஆனால் முதல் உலகப்போர் வந்தது.

1914-இல் ஐரோப்பா தீப்பிடித்த சில வாரங்களில் திருத்தந்தையானவர் 15-ஆம் பெனடிக்ட். எந்தப் பக்கமும் சாயாமல் 'நிறுத்துங்கள்' என்று சொன்னவர். அதனாலேயே இரண்டு பக்கமும் அவரை ஏசின. அவர் தானே ஓர் அமைதி மன்றாட்டை எழுதி, ஐரோப்பாவில் 1915 பிப்ரவரி 7 அன்றும், மற்றக் கண்டங்களில் மார்ச் 21 அன்றும் கோவில்தோறும் சொல்லச் சொன்னார். பிரெஞ்சு அரசு அந்தத் தாள்களை முதலில் பறிமுதல் செய்தது. போர் நடக்கும்போது அமைதி கேட்பது படையின் கையைத் தளர்த்திவிடும் என்ற பயம். அமைதி என்றால் நியாயத்தின் வெற்றிக்குப் பின் வரும் அமைதி என்று பாரிஸ் கர்தினால் பொழிப்புரை எழுதிய பிறகுதான் அங்கே அந்த மன்றாட்டைச் சொல்ல முடிந்தது. அந்த மார்ச் 21 நம் பக்கத்துக்கும் சேர்த்துத்தான். அன்று பாளையங்கோட்டைக்கென்று மறைமாவட்டம் கிடையாது. அது 1973-இல்தான் வந்தது. செங்கோட்டையோ திருவிதாங்கூர் ராஜாவின் சீமை.

இந்தச் சூழலில்தான் அனாமதேயச் செபத்துக்கு ஒரு தூதர் கிடைத்தார். நார்மண்டிப் பெருமையைப் பேசும் 'சுவெனிர் நோர்மான்' என்ற அமைப்பின் தலைவரான ஒரு பிரபு, 1915-இல் சில அமைதிச் செபங்களைத் திருத்தந்தைக்கு அனுப்பினார். அவற்றில் இதுவும் ஒன்று. 1916 ஜனவரி 20 அன்று வத்திக்கான் நாளேடான 'லொஸ்ஸெர்வத்தோரே ரொமானோ' அதை இத்தாலிய மொழியில் முதல் பக்கத்தில் போட்டது. சில நாளில் பாரிஸின் 'லா க்ருவா' நாளேடும் வெளியிட்டது. வேடிக்கை என்னவென்றால், அப்போது அதன்மேல் ஒட்டியிருந்த பெயர் அசிசியார் அல்ல. 1066-இல் இங்கிலாந்தை வாளால் பிடித்த நார்மண்டி வில்லியம். அவருடைய உயிலிலிருந்து உந்துதல் பெற்ற செபம் என்று அறிமுகம் செய்தார்கள். அந்தப் பெயர் நிலைத்திருந்தால், நாட்டைப் பிடித்த ராஜாவின் பெயரில் நாம் அமைதி வேண்டிக்கொண்டிருப்போம்.

பெனடிக்ட் செபத்தோடு நிற்கவில்லை. காணாமல்போன போர்வீரர்களையும் கைதிகளையும் தேடித் தகவல் சொல்ல வத்திக்கானிலேயே ஓர் அலுவலகம் திறந்தார். போர் முடிந்தபின் மத்திய ஐரோப்பாவில் குழந்தைகள் பட்டினியால் வாடியபோது, 1919 நவம்பர் 24 அன்று ஒரு சுற்றுமடல் எழுதினார்: டிசம்பர் 28, ஏரோதால் கொல்லப்பட்ட மாசில்லாக் குழந்தைகளின் திருநாளன்று, உலகத்துக் கத்தோலிக்கக் கோவில்கள் எல்லாவற்றிலும் அந்தப் பிள்ளைகளுக்காக வேண்டி, காணிக்கையும் எடுக்க வேண்டும். 'சேவ் த சில்ட்ரன்' நிதியை அதே ஆண்டு தொடங்கிய எக்லண்டைன் ஜெப் என்ற ஆங்கிலிக்கன் பெண்மணி ரோமாபுரிக்கே போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தார். எதிரி நாட்டுப் பிள்ளைகளுக்குச் சோறா என்று லண்டனில் அந்த அம்மாவை ஏசிக்கொண்டிருந்த காலம். நேற்றுவரை சுட்டுக்கொண்டிருந்தவனின் பிள்ளைக்கு உண்டியலில் காசு போடு என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். அமைதிச் செபம் வெறும் வாய்வார்த்தையாகப் போகாமல் இருந்தது இப்படிப்பட்ட காரியங்களால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, அசிசியார் எப்போது உள்ளே வந்தார்? 1918 வாக்கில். எத்தியேன் பெனுவா என்ற பிரான்சிஸ்கன் குரு, மூன்றாம் சபை எனப்படும் பிரான்சிஸ்கன் பொதுநிலையினருக்குக் கொடுக்க ஒரு சின்னப் படம் அச்சடித்தார். பூசைப் புத்தகத்துக்குள் அடையாளத்துக்கு வைப்போமே, அந்த மாதிரிப் படம். முன்பக்கம் அசிசியார், பின்பக்கம் இந்தச் செபம். அசிசியார் எழுதியது என்று அதில் போடவில்லை. பிரான்சிஸ்கன் இலட்சியம் இதில் அடங்கியிருக்கிறது, காலத்தின் தேவைக்கும் ஏற்றது என்கிற மாதிரி ஒரு குறிப்பு மட்டும். ஆனால் படத்தைத் திருப்பிப் பார்ப்பவருக்கு அது போதும்.

பெயரை வெளிப்படையாக எழுதி ஒட்டியவர்கள் கத்தோலிக்கர்கள்கூட இல்லை. அந்தக் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1923-இல் பிரெஞ்சுப் படை ஜெர்மனியின் ரூர் பகுதியைப் பிடித்து வைத்திருந்தது. டாட்டெல்ன் என்ற ஊரில் எத்தியேன் பாக் என்ற இளம் பிரெஞ்சு அதிகாரி, புரொட்டஸ்டன்ட்காரர். அவ்வாண்டு பெரிய வெள்ளிக்கிழமை அங்குள்ள கோவிலுக்குப் போனார். பிடித்தவனும் பிடிபட்டவனும் ஒரே பீடத்தின் முன். அவரும் அந்த ஊரின் ஜெர்மானிய மேயரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று நற்கருணை வாங்கினார்கள். அதற்குமேல் பாக் பழைய அதிகாரியாக இருக்க முடியவில்லை. 'அமைதி அரசரின் வீரர்கள்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். 1927-இல் இந்த இயக்கத்தார்தான் செபத்தை அசிசியார் பெயரில் வெளியிட்டார்கள். அதே ஆண்டு அமெரிக்காவில் குவேக்கர்களின் பத்திரிகை ஒன்று ஆங்கிலத்தில், அசிசியார் பெயரோடேயே போட்டது. பிறகு இரண்டாம் உலகப்போரில் நியூயார்க் பேராயர் ஸ்பெல்மேன் லட்சக்கணக்கில் அச்சடித்து விநியோகித்தார். 1979 மே 4 அன்று மார்கரெட் தாட்சர் பிரிட்டன் பிரதமராக டவுனிங் தெரு வாசலில் நின்று அதைச் சொன்னார். 

அசிசியாரின் எழுத்துகளை லூக் வாடிங் 1623-இல் ஆன்ட்வெர்ப்பில் தொகுத்து அச்சிட்டார். அதில் இது இல்லை. 1976-இல் கயெத்தான் எஸ்ஸெர் வெளியிட்ட ஆராய்ச்சிப் பதிப்பிலும் இல்லை. கிறிஸ்தியான் ரெனூ என்ற பிரெஞ்சு வரலாற்றாசிரியர் 2001-இல் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதி, 'லா க்ளொஷெத்' வரைக்கும் நூல் பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. 1219-இல், சிலுவைப் போருக்கு நடுவில், எகிப்தின் தமியெட்டாவில் ஆயுதமில்லாமல் எல்லை தாண்டிப் போய் சுல்தான் அல்-காமிலைச் சந்தித்துப் பேசிவிட்டுத் திரும்பியவர் அசிசியார். சாகும் தறுவாயில், அசிசி ஆயரும் நகரத் தலைவரும் முகம்கொடுத்துப் பேசாமல் இருந்ததைக் கேள்விப்பட்டு, தம் கதிரவன் பாட்டில் மன்னிப்பவர்களைப் பற்றிச் சில அடிகள் சேர்த்து, சகோதரர்களை அனுப்பி இருவர் முன்னாலும் பாடவைத்தார் என்று பழைய வரலாறு சொல்கிறது. செபத்தின் பிற்பகுதி இருக்கிறதே, தனக்கு வேண்டியதைக் கேட்காமல் அடுத்தவருக்குக் கொடுப்பதைப் பற்றியது, அதற்குக் கிட்டத்தட்ட ஒத்த கருத்து அவருடைய தோழர் கைல்ஸ் சகோதரரின் வாக்குகளில் உண்டு. வாசம் ஒன்றுதான். நடைதான் வேறு. அசிசியாரின் மெய்யான செபங்கள் பெரும்பாலும் கடவுளைப் புகழ்ந்துகொண்டே போகும். 'நான்', 'எனக்கு' என்பது அவற்றில் குறைவு. இங்கே வரிக்கு வரி 'நான்'. இருபதாம் நூற்றாண்டு மனிதனின் குரல் அது. நமக்கு இதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை. யார் பாடியது என்று தெரியாத நல்ல வெண்பா கிடைத்தால் ஔவையார் தலையில் கட்டுகிறோம். கொஞ்சம் குறும்பாக இருந்தால் காளமேகம் தலையில்.

எனக்கு இந்தச் செபத்தின் பெயரில்லாத நிலைதான் பிடித்திருக்கிறது. அதற்குக் காரணம் பங்குகளில் நடக்கிற வின்சென்ட் தே பவுல் சபைக் கூட்டம். அதுவும் பாரிஸ் சரக்குதான். 1833 ஏப்ரல் 23, பிரெடெரிக் ஒசானாம் என்ற மாணவருக்கு அன்று இருபது வயது நிறைந்தது. அவரும் சில தோழர்களும் கூடி, பேச்சு போதும், ஏழைகள் வீட்டுக்குப் போவோம் என்று தொடங்கினார்கள். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அவர்களுக்குக் காட்டிக்கொடுத்தவர் ரோசலி ரெந்தூ என்ற கன்னியர். இன்றைக்கும் கூட்டம் செபத்தில் தொடங்கும், முன்வாரக் கணக்கு வாசிக்கப்படும், எந்த வீட்டுக்குப் போனோம் என்று சொல்வார்கள். பீடி சுற்றிப் பிழைக்கிற ஒரு பெண்ணின் மருந்துச் சீட்டு, ஜூன் மாதம் பிறந்தால் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம், மழைக்காலத்தில் ஓடு சரிந்த ஒரு வீடு, இப்படிப் பேச்சு போகும்.

முடிவதற்கு முன் ஒரு துணிப்பை வரும். வாய் குறுகிய பை. மூடிய கையை உள்ளே விட்டு, விரித்து, மறுபடி மூடியே வெளியே எடுக்க வேண்டும். ஐந்நூறு போட்டவரும் பத்து போட்டவரும் அன்றைக்குக் கையில் ஒன்றுமில்லாமல் வெறும் கையை விட்டவரும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான். பையை மேசையில் கவிழ்த்து எண்ணுவார்கள். நோட்டில் தொகை ஏறும், பெயர் ஏறாது. கோவில் நாற்காலியிலிருந்து மின்விசிறி இறக்கை வரை 'உபயம்' எழுதுகிற ஊரில் இது சாதாரணம் இல்லை. தெரியாதவர் எழுதிய செபத்தைச் சொல்லித் தெரியாதவர் போட்ட காசை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள்.

2026-இல் அசிசியார் இறந்து 800 ஆண்டு நிறைகிறது. செபப் புத்தகங்களும் பாட்டுப் புத்தகங்களும் புதிதாக அச்சாகும். அச்சகத்துக்குக் கொடுக்கும்போது தலைப்பை மாற்ற வேண்டாம், 'அசிசியார் செபம்' என்றே இருக்கட்டும். ஊர் வாயை அடைக்க முடியாது. கீழே சின்ன எழுத்தில் 'பாரிஸ், 1912, எழுதியவர் பெயர் இல்லை' என்று போட்டால் போதும். பாடத்தில் ஒரு சொல்லைக்கூடத் தொட வேண்டியதில்லை.