கரி தின்ற பஸ்

சிக்கல் பக்கம் கரிமூட்டத்துப் புகையைக் காணும்போதெல்லாம் எனக்குக் கரி பஸ்ஸின் கதைதான் ஞாபகம் வருகிறது. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று; அங்கிருந்து வந்த எண்ணெயும் நின்றது. பெட்ரோலுக்கு ரேஷன். ஆகவே பஸ்ஸின் முதுகில் ஓர் இரும்பு உலையைக் கட்டினார்கள். போதிய காற்றின்றி எரியும் கரி, கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயுவைத் தரும். எஞ்சினுக்கு அதுவே ஆகாரம்! மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ளவேண்டியதுதான்.

1945-இல் யுத்தம் ஓய்ந்து, பெட்ரோல் மெல்லத் திரும்பியதும், உலைகளைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். இன்றோ, அதே விஷவாயுவைக் குறைக்கப் புகைக்குழாயில் ஒரு கருவி வைக்கிறார்கள். அதையும் வீண் பாரமென்று கழற்றுவோர் உண்டு. உலையின் வேலை முடிந்திருந்தது, கழற்றினார்கள், சரி. இதன் வேலை முடிந்துவிட்டதா, என்ன?