சாஷ் ஜன்னல் மாற்றம்: பிரிட்டனின் பட்டியல் கட்டடங்களில்

பிரிட்டனில் வரலாற்று மதிப்பு கருதிச் சட்டத்தின் காப்பில் வைக்கப்பட்டவை பட்டியல் கட்டடங்கள். இங்கிலாந்தில் மட்டும் இந்தப் பட்டியலில் ஏறத்தாழ நான்கு லட்சம் பதிவுகள் உண்டு. கோட்டைகளும் தேவாலயங்களும் அவற்றில் அடங்கும் என்றாலும், குடும்பங்கள் வாழும் தெருவோர வீடுகளும் ஏராளம். அந்த வீடுகளில் பழைய மர ஜன்னலைப் பெயர்த்துவிட்டுப் புதியது பொருத்த, வீட்டுக்காரர் நினைத்த மாத்திரத்தில் ஆளைக் கூப்பிட்டுவிட முடியாது; உள்ளாட்சி மன்றத்தின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும். பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டு வீடுகளில் பெரும்பாலும் இருப்பது சாஷ் ஜன்னல். ஆகவே ஜன்னல் மாற்றத்தைப் பற்றிய விதிகளும் வழக்குகளும் பெரிதும் அதைச் சுற்றியே எழுந்தவை.

அமைப்பு

சாஷ் ஜன்னலுக்குக் கீல் கிடையாது. கண்ணாடி பதித்த இரண்டு மரச் சட்டங்கள், ஒன்றன் முன் ஒன்றாக, நிலையின் பள்ளங்களில் மேலும் கீழும் நகரும். இந்தச் சட்டம்தான் சாஷ். நிலையின் இரு பக்கங்களிலும் உள்ளே வெற்றிடம் விட்ட மரப்பெட்டிகள். அவற்றுக்குள் வார்ப்பிரும்பு எடைக்குண்டுகள் தொங்கும். சட்டத்தின் பக்கவாட்டில் கட்டிய கயிறு நிலையின் உச்சியில் உள்ள கப்பியில் ஏறி, பெட்டிக்குள் இறங்கிக் குண்டைப் பிடித்திருக்கும். மேல் சட்டத்துக்கான குண்டுகளைச் சட்டத்தைவிடச் சற்றுக் கனமாகவும், கீழ்ச் சட்டத்துக்கானவற்றைச் சற்று இலேசாகவும் தச்சர்கள் வைப்பார்கள். அப்போதுதான் மேலது தானாகச் சரியாது, கீழது தானாக எழும்பாது.

கண்ணாடியின் எடையைப் பொறுத்தே குண்டின் எடை. கண்ணாடியை மாற்றினால் இந்தச் சமநிலை குலையும். குளிரைத் தடுக்க இரட்டைக் கண்ணாடி போட்டவர்களில் பலருக்கு இது வேலை முடிந்த பிறகுதான் தெரியவருகிறது. ஜன்னல் திறந்த நிலையில் நிற்பதில்லை. கனமான இரும்புக் குண்டுக்குப் பெட்டியில் இடம் போதாததால், அளவில் சிறிய ஈயக் குண்டுகளைத் தேடிப் போட வேண்டியிருக்கிறது.

வடிவத்தின் வரலாறு

ஒரு சாஷ் ஜன்னலைப் பார்த்தே வீட்டின் காலத்தை ஓரளவு சொல்லிவிடலாம். 1666இல் லண்டனைத் தீ தின்ற பிறகு, வீட்டு முகப்பில் மரம் வெளியே தெரிவது ஆபத்தாகக் கருதப்பட்டது. 1709ஆம் ஆண்டுச் சட்டம், லண்டன், வெஸ்ட்மின்ஸ்டர் நகரங்களில் ஜன்னல் நிலையைச் சுவரின் வெளிமுகத்திலிருந்து 4 அங்குலம் உள்ளே தள்ளி வைக்கச் சொன்னது. 1774ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி போய், எடைப்பெட்டியையே செங்கல்லுக்குப் பின்னால் ஒளிக்கச் செய்தது. தீக்காகப் போட்ட விதி அழகாகவும் அமைந்துவிட்டது. அகலமான மரச்சட்டம் கண்ணில் படாமல், மெல்லிய கோடுகளும் கண்ணாடியும் மட்டும் தெரியும் முகப்பு, ஜார்ஜ் மன்னர்கள் காலத்து ‘ஜார்ஜிய’ வீடுகளின் அடையாளம் ஆயிற்று. மற்ற ஊர்கள் சட்டக் கட்டாயம் இல்லாமலே, சில பத்தாண்டுகள் கழித்து, லண்டனைப் பின்பற்றின.

கண்ணாடிகளைப் பிரிக்கும் குறுக்குக் கம்பிகளும் காலத்தைக் காட்டும். அவை மரத்தால் ஆனவை. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒன்றரை அங்குலம் வரை தடித்திருந்தவை, அதன் முடிவில் முக்கால் அங்குலத்துக்கும் கீழே மெலிந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பெரிய கண்ணாடித் தகடுகள் மலிவானதும் கம்பிகள் குறைந்து, சில வீடுகளில் மறைந்தே போயின. கம்பிகளின் தாங்குதல் இல்லாமல் கனமான கண்ணாடியைச் சுமக்க வேண்டியிருந்ததால், சட்டத்தின் மூலை இணைப்புக்கு வலுவூட்ட ‘கொம்பு’ எனப்படும் சிறு நீட்டல் சேர்ந்தது. ஆறு கண்ணாடி மேலே, ஆறு கண்ணாடி கீழே என்று அசல் ஜார்ஜிய அமைப்பில் செய்த புது ஜன்னலில் இந்தக் கொம்பு தெரிந்தால், கடைக்காரரின் விற்பனைப் பட்டியலைப் பார்த்து வாங்கியது என்று தெரிந்துகொள்ளலாம். இன்றைய விற்பனைப் பட்டியல்களில் இந்தக் கலப்பு சர்வ சாதாரணம்.

1696 முதல் 1851 வரை ஜன்னல் எண்ணிக்கைக்கு வரி இருந்தது. ஆங்கிலத் தெருக்களில் செங்கல் வைத்து அடைத்த ஒவ்வொரு ஜன்னலையும் இந்த வரியின் தலையில் கட்டுவது வழிகாட்டிகளுக்குப் பிடித்த கதை. முகப்பின் ஒழுங்குக்காகத் தொடக்கத்திலேயே குருட்டு ஜன்னலாகக் கட்டியவையும் அவற்றில் நிறைய உண்டு. ஆகையால் அடைத்த ஜன்னலைத் ‘திறந்துவிடும்’ விண்ணப்பத்தையும் மன்றங்கள் கேள்வி கேட்காமல் ஏற்பதில்லை.

பழைய கண்ணாடி

மரத்தைவிட மீட்க முடியாதது கண்ணாடிதான். பதினெட்டாம் நூற்றாண்டில் நல்ல ஜன்னலுக்குப் போட்டது கிரௌன் கண்ணாடி. உருகிய கண்ணாடியை ஊதிக் குமிழாக்கி, கோலில் ஏற்றி வேகமாகச் சுழற்றினால் அது விரிந்து வட்டத் தட்டாகும். அந்தத் தட்டிலிருந்து சதுரங்களை வெட்டுவார்கள். தட்டின் அளவுதான் எல்லை என்பதால் கண்ணாடிகள் சிறியவை. அவற்றை இணைக்கக் கம்பிகள் தேவைப்பட்டன. கோல் ஒட்டியிருந்த நடுப்பகுதியில் தடித்த முடிச்சு விழும். அது கழிவாக எண்ணப்பட்டு மலிவாக விற்கப்பட்டது. இன்று மதுக்கடை முகப்புகளில் பழமை காட்டவென்று அந்த முடிச்சை வேண்டுமென்றே பதிப்பதைக் கண்டால் பழைய கண்ணாடித் தொழிலாளி சிரித்திருப்பார்.

கண்ணாடிக்கு எடையின்படி விதித்திருந்த தீர்வை 1845இல் நீங்கியது. ஊதிய உருளையைப் பிளந்து விரிக்கும் முறையில் செய்த பெரிய தகடுகள் பரவின. 1959இல் பில்கிங்டன் நிறுவனம் அறிவித்த ஃப்ளோட் முறை, உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடியை மிதக்கவிட்டு, மாசுமறுவற்ற சமதளத்தைத் தந்தது. அந்தக் குறையின்மைதான் பழைய முகப்பில் உறுத்துகிறது. கிரௌன் கண்ணாடியில் எதிர்வீட்டின் உருவம் ஒவ்வொரு சதுரத்திலும் சற்றே வேறு கோணத்தில் நெளிந்து தெரியும். ஃப்ளோட் கண்ணாடியில் முழுத் தெருவும் ஒரே கண்ணாடியில் விழுந்தாற்போல் அசையாமல் நிற்கும். இரட்டைக் கண்ணாடியிலோ அதே உருவம் இரண்டாகப் பிரிந்து தெரியும். தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்று பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும், வித்தியாசம் கண்ணில் படும்.

அனுமதி

இங்கிலாந்தில் இன்று நடைமுறையில் உள்ளது 1990ஆம் ஆண்டின் திட்டமிடல் (பட்டியல் கட்டடங்கள், பாதுகாப்புப் பகுதிகள்) சட்டம். ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் தனிச் சட்டங்கள் உண்டு. இங்கிலாந்தின் பட்டியலில் மூன்று தரங்கள்: ஒன்று, இரண்டு நட்சத்திரம், இரண்டு. பதிவுகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் இரண்டாம் தரம். இரண்டாம் தரம் என்றால் முகப்புக்கு மட்டும்தான் காப்பு என்ற எண்ணம் மக்களிடம் வேரூன்றியிருக்கிறது. அது தவறு. எந்தத் தரமானாலும் வீட்டின் உள்ளும் புறமும், பின்கட்டு ஜன்னலும், உள்பக்க மரக்கதவுகளும் காப்புக்குள் வரும்.

உளுத்த கட்டையை அதே மரத்தில், அதே வடிவில் ஒட்டுப்போடுவதற்குப் பொதுவாக அனுமதி தேவையில்லை. முழு ஜன்னலையும் மாற்றுவதற்கும், இரட்டைக் கண்ணாடிக்கும் தேவை. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. ஆனால் இருக்கும் ஜன்னலின் நிலைமை, கம்பியின் குறுக்குவெட்டு வரைபடம், ஏன் பழுதுபார்க்க முடியாது என்ற விளக்கம் ஆகியவற்றைத் தர வேண்டும். கட்டடத்தின் சிறப்புக்கு ஏற்படும் கேட்டைப் பொதுநலனோடு எடைபோட்டு மன்றம் முடிவெடுக்கும். பட்டியலில் இல்லாமல், பழமை காக்கவென்று வரையறுத்த பாதுகாப்புப் பகுதிக்குள் மட்டும் இருக்கும் தனி வீட்டுக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை. ஆனால் வழக்கமான விலக்கை நீக்கும் ‘நான்காம் பிரிவு ஆணை’யை மன்றம் பிறப்பித்திருந்தால் அங்கும் அனுமதி கேட்க வேண்டிவரும்.

இதில் வரி செய்த குளறுபடி ஒன்று உண்டு. 2012 செப்டம்பர் முடியும்வரை, அனுமதி பெற்றுச் செய்யும் மாற்றங்களுக்கு மதிப்புக் கூட்டு வரி சுழியம். பழுதுபார்ப்புக்கு முழு வரி. பழையதைக் காப்பாற்று என்று ஒரு கையால் சட்டம் போட்ட அரசு, மாற்றுகிறவருக்கு மறு கையால் சலுகை கொடுத்தது. அதே ஆண்டு அக்டோபரிலிருந்து இரண்டுக்கும் முழு வரி. வேறுபாடு நீங்கியது, பழுதுபார்ப்பவருக்குப் பைசா குறையவில்லை.

பழுதுபார்ப்பு

வில்லியம் மோரிஸ் முதலானோர் 1877இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தின் காலத்திலிருந்து, புதுப்பிப்பதைவிடப் பழுதுபார்ப்பதே மேல் என்ற கொள்கை பிரிட்டனில் ஊன்றியிருக்கிறது. ஜன்னல் விஷயத்தில் இது வெறும் கொள்கையல்ல, நடைமுறைக் கணக்கும்கூட. பழைய ஜன்னல்களுக்குப் பயன்பட்டது பெரும்பாலும் பால்டிக் பகுதியிலிருந்து வந்த பைன். மெதுவாக வளர்ந்து நெருக்கமான வளையங்கள் கொண்ட மரம். இன்று வேகமாக வளர்த்து வெட்டும் பைன் அதற்கு ஈடாகாது. ‘முழுதும் உளுத்துவிட்டது’ என்று கைவிடப்படும் ஜன்னலில் உண்மையில் கெட்டிருப்பது பெரும்பாலும் அடிக்கட்டையும், கீழ்ச் சட்டத்தின் அடிப்பட்டையும், நிலைக்கால்களின் கீழ் நுனியும் மட்டுமே. மழைநீர் தங்குமிடங்கள் அவை.

வேலை உள்பக்கத்திலிருந்தே நடக்கும். தச்சர் முதலில் ஓரத்து மரப்பட்டியை மெல்லிய உளியால் நெம்பி எடுப்பார். அதை ஒடிக்காமல் எடுப்பதில்தான் கைத்திறன் தெரியும். கீழ்ச் சட்டத்தைச் சாய்த்து வெளியே இழுத்து, கயிற்றை அறுத்துக் குண்டை மெதுவாக இறக்கிவிடுவார். நடுப்பட்டியை உருவியதும் மேல் சட்டமும் வரும். பெட்டியின் அடியில் ஒரு சிறு மூடி இருக்கும். நூறாண்டு வண்ணப்பூச்சு அதை மறைத்திருக்கும். சுரண்டித் திறந்தால் குண்டுகளைக் கையில் எடுக்கலாம். உளுத்த பகுதியைச் சாய்வாக வெட்டி, அதே ரேகைப்போக்கு உள்ள மரத்துண்டை ஒட்டவைப்பார். கண்ணாடியைப் பிடித்திருக்கும் புட்டிப் பசை, ஆளிவிதை எண்ணெயும் சுண்ணக்கட்டித் தூளும் கலந்தது. காலப்போக்கில் கல்லாய் இறுகியிருக்கும். உளியால் தட்டினால் கண்ணாடி விரிசல் விடும். அகச்சிவப்பு விளக்கின் வெப்பத்தில் அதை இளக்கி எடுப்பது இன்றைய வழக்கம். பழைய பூச்சில் ஈயம் இருக்கும் என்று எண்ணிக்கொண்டே வேலை செய்ய வேண்டும். உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது, எரிக்கவும் கூடாது.

குளிர்

நம் ஊரில் ஜன்னல் காற்றுக்காக; அங்கே ஆறு மாதம் காற்றை வெளியே நிறுத்துவதுதான் கவலை. ஒற்றைக் கண்ணாடி சாஷ் ஜன்னலின் யு மதிப்பு, அதாவது வெப்பம் வெளியேறும் வேகத்தைக் காட்டும் அளவு, 5ஐ ஒட்டி இருக்கும். இன்று சாதாரண வீடுகளில் மாற்றி வைக்கும் ஜன்னலுக்குக் கட்டட விதிகள் கேட்பது 1.4. பட்டியல் கட்டடத்தின் இயல்பு கெடும் என்றால் இந்த விதி தளர்த்தப்படும்.

குளிரில் பெரும்பங்கு கண்ணாடி வழியாக அல்ல, இடுக்கு வழியாக வருகிறது. ஸ்காட்லாந்தின் வரலாற்றுக் கட்டடத் துறைக்காக கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகம் நடத்தி 2008இல் வெளியான ஆய்வில், இடுக்குகளுக்குத் தூரிகைப் பட்டை வைத்ததுமே காற்றுக்கசிவு பெருமளவு குறைந்தது. கண்ணாடி வழி வெப்ப இழப்பைக் கனத்த திரைச்சீலை 14 சதவீதமும், உள்பக்க மரக்கதவுகளை மூடுவது 51 சதவீதமும், இரண்டாம் ஜன்னல் 63 சதவீதமும் குறைத்தன. இரண்டாம் ஜன்னல் என்பது பழையதைத் தொடாமல் அறைப்பக்கம் தனியாகப் பொருத்தும் மெல்லிய கண்ணாடிச் சட்டம்; வேண்டாதபோது கழற்றிவிடலாம். தெரு இரைச்சலையும் அது நன்றாகத் தடுக்கும். இவ்வளவு எளிய வழி இருக்க, நேரே மாற்றத்துக்குப் போவது பெரும்பாலும் விற்பனையாளரின் வாய்ச்சாலகம்தான். ஆயினும் எரிவாயுக் கட்டணம் கட்ட முடியாமல் நடுங்கும் வீட்டுக்காரரிடம் திரைச்சீலை வாங்கச் சொல்வதும் முழு விடையாகாது.

மாற்றியே தீர வேண்டுமானால்

பழைய ஜன்னல் போய் 1950களிலோ 1970களிலோ வைத்த மட்டமான ஜன்னல் இருக்கும் இடத்தில், மாற்றத்துக்குத் தடை குறைவு. சில வேளை மன்றமே வரவேற்கும். பாத் நகரத்து வீடுகளில் விக்டோரியா காலத்தவர் ஜன்னலின் அடிக்கட்டையைத் தாழ்த்தி, கம்பிகளை அகற்றிப் பெரிய கண்ணாடி வைத்தார்கள். அவற்றில் சில பின்னர் பழைய உயரத்துக்கே மீட்கப்பட்டன. எந்த ஆண்டின் ஜன்னலுக்குத் திரும்புவது என்பதில் வல்லுநர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. விக்டோரியா ஜன்னலும் இப்போது வரலாறுதானே.

புதிய ஜன்னலில் சிக்கல் மில்லிமீட்டர் கணக்கில் வரும். வழக்கமான இரட்டைக் கண்ணாடி 24 மி.மீ. தடிமன் கொண்டது. 16 மி.மீ. கம்பியில் அது உட்காராது. அதனால் கம்பியைத் தடிக்கச் செய்கிறார்கள், அல்லது ஒரே பெரிய கண்ணாடியின் மேல் பொய்க்கம்பி ஒட்டுகிறார்கள். இரண்டுமே மன்றத்தில் நிராகரிப்பை வாங்கித் தருபவை. யுபிவிசி என்னும் பிளாஸ்டிக் சட்டம் அநேகமாகப் பேச்சுக்கே இடமில்லாதது. 12 மி.மீ. அளவுள்ள மெல்லிய இரட்டைக் கண்ணாடி எடின்பரோவின் ஜார்ஜிய வீடுகளில் பரிசோதிக்கப்பட்டது. ஜப்பானில் 1990களில் விற்பனைக்கு வந்த வெற்றிடக் கண்ணாடி இன்னும் மெல்லியது: இரு தகடுகளுக்கு இடையே 0.2 மி.மீ. வெற்றிடம், மொத்தம் சுமார் 6 மி.மீ. விலை அதிகம் என்றாலும் பழைய கம்பிக்குள் அடங்கும். மூடிய இரட்டைக் கண்ணாடியின் ஓர முத்திரை இருபது ஆண்டுகளை ஒட்டி விட்டுப்போய், உள்ளே ஈரம் படியும். அப்போது அதை முழுதாகக் கழித்துப் புதியது வாங்க வேண்டும்.

அனுமதியின்றி மாற்றினால்

பட்டியல் கட்டடத்தில் ஒப்புதல் இல்லாமல் மாற்றம் செய்வது குற்றவியல் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை, உச்சவரம்பு இல்லாத அபராதம். பழைய ஜன்னலைத் திரும்ப வைக்கச் சொல்லி மன்றம் ஆணை பிறப்பிக்கலாம். அதற்குக் கால வரம்பும் இல்லை. முந்தைய உரிமையாளர் செய்த வேலைக்குத் தண்டனை இன்றைய உரிமையாளருக்குக் கிடையாது, ஆனால் திரும்பக் கட்டும் ஆணை அவர் பெயருக்கே வரும். ஆகவே வீடு கைமாறும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் ஜன்னல் அனுமதிக் கடிதத்தைக் கேட்பார். அது இல்லாதபோது விற்பவர் ஒரு காப்பீட்டுப் பத்திரம் எடுத்துத் தருவது வழக்கம். ஆணை வந்தால் ஆகும் செலவை அது ஈடுகட்டும். ஆணை வருவதைத் தடுக்காது.