ஒரு மருந்தா, கூட்டு மருந்தா? – சானடோரியம் முதல் புற்றுநோய் வரை

மின்சார ரயிலில் குரோம்பேட்டையை அடுத்து வரும் நிலையம் தாம்பரம் சானடோரியம். தினமும் அங்கே ஏறி இறங்குபவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயரின் காரணம் தெரியும்? 1928ல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து அங்கே காசநோயாளிகளுக்காக ஒரு சானடோரியம் தொடங்கினார். 1937ல் சென்னை மாகாண அரசு அதை எடுத்துக்கொண்டது. அன்று காசநோயைக் குணப்படுத்தும் மருந்தே கிடையாது. சுத்தமான காற்று, சத்தான உணவு, ஓய்வு. இவைதான் சிகிச்சை!

1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. ஆனால் அதை மட்டும் கொடுத்தபோது முதலில் நோய் தணிந்தது. சில மாதங்களில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகின. ஒரு மருந்துக்குத் தப்பிய கிருமி இன்னொரு மருந்திடம் மாட்டிக்கொள்ளும் அல்லவா? அப்படிப் பிறந்ததுதான் கூட்டு மருந்து சிகிச்சை.

கீமோதெரபி என்றால் இன்று நமக்குப் புற்றுநோய்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1956ல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய ‘கீமோதெரபி மையம்’ காசநோய்க்கானது. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்கு சானடோரியத்திலும் ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். நெரிசலான ஏழை வீடுகளிலும் ஏறக்குறைய அதே பலன் கிடைத்தது என்பது 1959ல் தெரியவந்தது. அடுத்த ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வில் ஐசோனியாசிட் மட்டும் எடுத்தவர்களும், அதோடு பாஸ் என்ற மருந்தையும் சேர்த்து எடுத்தவர்களும் ஒப்பிடப்பட்டார்கள். கூட்டு மருந்துதான் ஜெயித்தது.

காசநோயில் கிடைத்த இந்தப் பாடத்தை அமெரிக்காவில் எமில் ஃப்ரை, எமில் ஃப்ரைரைக் போன்ற மருத்துவர்கள் 1960களில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொண்டுபோனார்கள். நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். நல்ல பலன்! அப்படியானால் முற்றிய வயிற்றுப் புற்றுநோய்களுக்கும் இதே வழி உதவுமா?

இங்கேதான் கதை திரும்புகிறது. இரைப்பைப் புற்றுநோய்க்கு ஃப்ளூரோயுராசில், அட்ரியாமைசின், மைட்டோமைசின் மூன்றையும் சேர்த்த ‘ஃபேம்’ என்ற கூட்டு 1980 வாக்கில் புகழ்பெற்றது. முதல் ஆய்வில் ஐந்தில் இரண்டு பேருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியது. ஆனால் அதில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு பிரிவு இல்லை. 1985ல் வெளியான ஓர் ஆய்வு, ஃப்ளூரோயுராசிலை மட்டும் பெற்றவர்களோடு இந்தக் கூட்டைப் பெற்றவர்களை ஒப்பிட்டது. உயிர்வாழ்ந்த காலத்தில் வித்தியாசமே இல்லை! கூடியது பக்கவிளைவும் செலவும்தான்.

கட்டி சுருங்குவது வேறு, ஆயுள் நீள்வது வேறு என்று அன்று புரிந்தது. அதற்காக முயற்சியை யாரும் கைவிடவில்லை. 2011ல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், பரவிய கணையப் புற்றுநோய் உள்ள 342 பேரிடம் ‘ஃபோல்ஃபிரினாக்ஸ்’ என்ற புதிய கூட்டு சோதிக்கப்பட்டிருந்தது. ஜெம்சைட்டபின் மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 6.8 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தார்கள். கூட்டு மருந்து பெற்றவர்களில் பாதிப் பேர் 11.1 மாதங்களுக்கு மேல். பக்கவிளைவுகள் அதிகம் என்பதால் உடல் தெம்புள்ளவர்களுக்கே அது பொருந்தும். நான்கு மாதம் சொற்பமாகத் தோன்றலாம். மகள் கல்யாணத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று காத்திருக்கும் ஒரு தகப்பனுக்கு அது சொற்பமா?

மருந்துகள் கூடினால் பலனும் கூடும் என்று நம்பி நகையை அடகு வைக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. சில கூட்டுகள் உண்மையிலேயே உதவும், சில வெறும் வேதனையையும் கடனையும்தான் தரும். எது எது என்று சொல்வது அந்தக் குலுக்கல் சோதனைகள்தான். அவற்றுக்குச் சம்மதித்து முன்வந்தவர்களை ‘சோதனை எலிகள்’ என்று சொல்வது நியாயமில்லை. சேத்துப்பட்டின் அந்த 193 பேரைப் போல, அவர்களும் பின்னால் வருபவர்களுக்கு வழி காட்டியவர்கள்.