வெளுத்ததெல்லாம் பாலா? ஒளிப்படத்தில் தாராவியின் நிறங்கள்

துணி வெளுப்போர் கைப்பழக்கமாக அறிந்திருந்த ஓர் உண்மையை ஒளிப்படவியல் பின்னர்தான் சூத்திரமாக்கியது. பழுப்பேறிய வேட்டியை வெள்ளையாக்க அதில் வெள்ளை எதையும் சேர்ப்பதில்லை, நீலம் போடுகிறார்கள். மஞ்சளை நீலம் ஈடுகட்ட, கண் அதனை வெண்மை என ஏற்றுக்கொள்கிறது. டிஜிட்டல் கேமராவின் 'ஒயிட் பேலன்ஸ்' எனும் வெண்மைச் சமநிலையும் இதையே செய்கிறது. ஆனால் அந்த வேட்டி முன்பு வெள்ளையாக இருந்தது என்பதை வெளுப்பவர் அறிவார், கேமரா அறியாது. ஆகவே எது வெள்ளை என்பதை யாரேனும் தீர்மானித்தாக வேண்டும். அத்தீர்மானம் காலந்தோறும் யாருடைய கையில் இருந்தது என்பதைத் தாராவியின் படிமங்கள் தெளிவாகக் காட்டுகின்றன.

நண்பகல் வெயிலின் நிறவெப்பநிலை ஏறத்தாழ 5500 கெல்வின். குண்டு பல்பினுடையது ஏறத்தாழ 2800. தாராவியின் குறுகிய சந்துகளில் வெயில் நேராக இறங்குவது அரிது. கூரைகளுக்கு இடையே கசியும் வானொளி நீலம் சார்ந்தது. தார்ப்பாய் வழியே வருகையில் அது மேலும் நீலமாகிறது. பட்டறைக்குள் டியூப்லைட் பச்சைச் சாயலையும் அடுப்படி பல்பு ஆரஞ்சையும் சேர்க்கின்றன. கண் இவ்வேறுபாடுகளைத் தானே சரிசெய்துகொள்ளும். கண்ணின் மூவகை நிறவாங்கிகள் ஒவ்வொன்றும் தன் உணர்திறனைத் தனித்தனியே கூட்டியும் குறைத்தும் கொள்கிறது என்ற கருத்தை யோஹன்னஸ் ஃபான் கிரீஸ் 1902இல் முன்வைத்தார். இன்றைய கேமராக்களின் கணக்கு அக்கருத்தின் வழிவந்ததே.

கறுப்பு வெள்ளைப் படங்களில் இச்சிக்கல் எழவில்லை. செம்பூரில் ஸ்டூடியோ அமைத்த ஆர்.கே. நிறுவனம் பம்பாய்க் குடிசைச் சிறுவர்களைப் பற்றி 1954இல் வெளியிட்ட 'பூட் பாலிஷ்' படத்தில் ஒளிக்கு அளவு மட்டுமே உண்டு, நிறம் இல்லை. வண்ணச்சுருள் வந்தபின் வெண்மை தொழிற்சாலையிலேயே தீர்மானிக்கப்பட்டது. பகலொளிச் சுருளுக்கு 5500 கெல்வினும் டங்ஸ்டன் சுருளுக்கு 3200 கெல்வினும் வெள்ளை. பொருந்தாத இடத்தில் ஆரஞ்சு அல்லது நீல வடிகட்டி மாட்ட வேண்டும். சுருளை இடையில் மாற்றாமல் சந்துக்குச் சந்து மாறும் ஒளியைப் பின்தொடர்வது கடினம். மணிரத்னத்தின் 'நாயகன்' (1987) படத்துக்காகத் தாராவியின் பெரும்பகுதி சென்னையில் அரங்கமாக எழுந்தது. அங்கே ஒளியும் படக்குழுவின் ஆட்சிக்கு உட்பட்டது. பி.சி. ஸ்ரீராமின் ஒளிப்பதிவும் தோட்டா தரணியின் கலை இயக்கமும் தேசிய விருது பெற்றன. அப்படத்தின் இருளும் பழுப்பும் திட்டமிட்டுத் தெரிந்தெடுக்கப்பட்டவை. தாராவியின் ஒளி தற்செயலாகத் தந்தவை அல்ல.

தானியங்கித் திருத்தத்தின் வேர் ஒளிப்பட அச்சுக்கூடங்களில் உள்ளது. எந்தக் காட்சியிலும் எல்லா நிறங்களையும் கலந்து சராசரி எடுத்தால் சாம்பல் நிறம் கிட்டும் என்ற அனுமானத்தின்மீது, வண்ணப்படிகளைத் திருத்தும் முறையொன்றுக்குக் கோடாக் நிறுவனத்தின் ரால்ஃப் எவன்ஸ் 1951இல் காப்புரிமை பெற்றார். கேமராவின் 'ஆட்டோ' முறைகள் பல இவ்வனுமானத்திலிருந்து கிளைத்தவை. தாராவியின் கும்பர்வாடாவில் அது தடுமாறும். சௌராஷ்டிர வழிக் குயவர்கள் வாழும் அத்தெருவில் மண்ணும் பானையும் சூளையும் சட்டகத்தை நிறைக்கின்றன. அங்கே சராசரி சாம்பல் அன்று, செம்பழுப்பு. அதனை ஒளியின் குற்றமெனக் கொள்ளும் கருவி நீலத்தை ஏற்ற, பானைகள் வெளிறிப்போகின்றன. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புவது போன்றதே, சராசரியெல்லாம் சாம்பல் என்று நம்புவதும்.

2008இல் வெளிவந்த 'ஸ்லம்டாக் மில்லியனர்' இத்தீர்மானத்தை வேறோர் இடத்துக்கு நகர்த்தியது. ஒளிப்பதிவாளர் ஆன்டனி டாட் மேன்டில், எஸ்ஐ-2கே என்ற சிறிய டிஜிட்டல் கேமராவுடன் குடிசைச் சந்துகளில் ஓடிப் படம்பிடித்தார். பெரும்பாலும் டிஜிட்டலில் எடுக்கப்பட்டு, ஒளிப்பதிவுக்கான ஆஸ்கர் பெற்ற முதல் படம் அதுவே. அக்கேமராவின் 'ரா' பதிவில் உணரி பெற்ற அளவுகளே சேமிக்கப்படும். வெண்மை எது என்பது வெறும் குறிப்பாக உடன் நிற்கும், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். முடிவு சந்திலிருந்து நிறத்திருத்தக் கூடத்துக்குப் போனது. அப்படத்தின் செறிந்த மஞ்சளையும் பச்சையையும் மும்பையின் இயல்பு எனக் கொள்ளும் ஆய்வாளர், ஒரு மேசையில் எடுக்கப்பட்ட முடிவை நகரத்தின்மேல் ஏற்றுகிறார்.

பா. ரஞ்சித்தின் 'காலா' (2018) இவ்விவாதத்தையே கதையின் நடுவில் வைத்தது. தூய்மையின் பெயரால் தாராவியை அகற்ற முனைபவர் வெள்ளையில் வாழ்கிறார். திருநெல்வேலி வழிவந்த நாயகன் கறுப்பை அணிகிறான். முரளி ஜி. ஒளிப்பதிவு செய்த இறுதிக்காட்சியில் கறுப்பும் சிவப்பும் நீலமும் பொடிகளாகப் பறந்து சட்டகத்தை நிறைக்கின்றன. அங்கே சாம்பலுக்கு இழுக்கும் எந்தக் கணக்கும் காட்சியின் பொருளையே அழித்துவிடும்.

திருத்தத்துக்கு இயற்பியல் எல்லையும் உண்டு. சோடியம் விளக்கின் ஒளி 589 நானோமீட்டரை ஒட்டிய மஞ்சளிலேயே பெரிதும் குவிந்தது. பதிவாகாத நீலத்தை எந்த மென்பொருளும் மீட்க இயலாது. 2015இல் மரைன் டிரைவின் சோடியம் விளக்குகள் எல்இடிக்கு மாறியபோது, தம் நகரின் இரவு மஞ்சளை இழந்ததென மும்பைவாசிகள் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். பொறியாளருக்குக் குறைபாடான சாயல் அவர்களுக்கு ஊரின் அடையாளமாக இருந்தது.

தாராவி மறுசீரமைப்புக்கான ஒப்பந்தப்புள்ளியை அதானி குழுமம் 2022இல் வென்றது. சந்துகள் இடிபட்டபின் சுவரின் சுண்ணாம்பு நிறத்துக்கும் பட்டறையின் ஒளிக்கும் ஒளிப்படங்களே சான்றாக எஞ்சும். அவற்றைச் சேகரிப்போர் திருத்திய படியை மட்டும் வைத்தல் போதாது. மூல 'ரா' கோப்பும், எவ்வகை விளக்கில் எந்நேரத்தில் எடுக்கப்பட்டது என்ற குறிப்பும், இயன்றால் அதே ஒளியில் வைத்தெடுத்த சாம்பல் அட்டையின் படமும் உடனிருக்க வேண்டும். அவை இருப்பின், இன்று ஒருவர் செய்த தீர்மானத்தை நாளைய ஆய்வாளர் மறுபரிசீலனை செய்யலாம்.