புங்க விதையும் ஓர் ஆய்வுப் பள்ளியும்

சென்னைக்கு மேற்கே பூவிருந்தவல்லியை அடுத்துள்ள நசரத்பேட்டையானாலும் சரி, காவிரிக்கரையில் உள்ள குளித்தலையானாலும் சரி, பூவரசையும் புங்கத்தையும் அறியாதவர் இரார். பூவரசம்பூ மஞ்சளாக மலர்ந்து, சிவந்து வாடுகிறது. புங்க எண்ணெயைச் சொறி சிரங்குக்குப் பூசுவது நம் நாட்டு வழக்கம். அந்தப் பூவிலும் எண்ணெயிலும் உள்ள வேதிப்பொருள்கள் யாவை? இவ்வினாவைத் தம் வாழ்நாள் ஆய்வின் ஒரு பகுதியாகக் கொண்டவர் பேராசிரியர் டி. ஆர். சேஷாத்திரி. இவர் 1900-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் குளித்தலையில் பிறந்தார்.

மூலிகையின் பயனை அறிவது வேறு. அதிலுள்ள பொருளைத் தூய நிலையில் பிரித்து, அதன் மூலக்கூறு அமைப்பை அறிவது வேறு. பின்னது தெரிந்தால்தான் மருந்தின் அளவையும் தூய்மையையும் உறுதி செய்ய இயலும். 1930-ஆம் ஆண்டில் கர்னல் சோப்ரா தலைமையில் அமைந்த குழு, இந்தியாவில் மருந்துகளின் தரத்தைக் காக்கவும், பயிற்சி பெற்ற மருந்தாளுநரை உருவாக்கவும் வேண்டியதன் தேவையை எடுத்துரைத்தது. 1932-இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மகாதேவ லால் ஷ்ராஃப் மருந்தியல் கல்விக்கு வித்திட்டார். சேஷாத்திரியின் பணியையும் இந்தப் பின்னணியில் வைத்தே காண வேண்டும்.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சேஷாத்திரி, இங்கிலாந்து சென்று மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சனிடம் ஆய்வு செய்து, 1929-இல் டாக்டர் பட்டம் பெற்றார். மலேரியாவுக்கு எதிரான மருந்துகளும் பூக்களின் நிறப்பொருள்களும் அங்கே அவர் ஈடுபட்ட துறைகள். பின்னர் ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகருக்குச் சென்று, 1923-இல் நோபல் பரிசு பெற்ற ஃபிரிட்ஸ் பிரகலிடம் நுண்பகுப்பாய்வைக் கற்றார்.

இந்த நுண்பகுப்பாய்வு என்பது என்ன? ஒரு கரிமப் பொருளை எரித்தால் அதிலுள்ள கார்பன் கார்பன்-டை-ஆக்சைடாகவும், ஹைட்ரஜன் நீராகவும் மாறுகின்றன. இவற்றைத் தனித்தனியே உறிஞ்சச் செய்து எடை போட்டால், பொருளில் ஒவ்வொரு தனிமமும் எத்தனை பங்கு என்று கணக்கிடலாம். முன்பு இதற்கு ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்கு போன்ற அளவு பொருள் வேண்டியிருந்தது. பிரகலின் முறையில் சில மில்லிகிராமே போதும். கூடை கூடையாகப் பூப்பறித்தாலும் கிடைக்கும் தூய பொருள் சிறிதளவே அல்லவா? அத்தகைய ஆய்வுக்கு இம்முறை பெருந்துணையாயிற்று.

தாயகம் திரும்பிய அவர் கோயம்புத்தூரில் சிறிது காலம் பணியாற்றினார். பின்பு வால்டேரில் உள்ள ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் துறைப் பொறுப்பை ஏற்றார். அப்போது அங்கே துணைவேந்தராக இருந்தவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். புதிய பல்கலைக்கழகம், ஆய்வுக்கூடங்களையே அமைக்க வேண்டிய நிலை. விலையுயர்ந்த கருவிகளுக்குக் காத்திராமல், அருகில் கிடைக்கும் செடிகளையே ஆய்வுப் பொருளாக அவர் தேர்ந்தார். பருத்திப்பூ, புளிச்சைப்பூ, பூவரசம்பூ ஆகியவற்றின் ஃப்ளேவனாய்டு நிறப்பொருள்கள் ஒவ்வொன்றாக ஆராயப்பட்டன. புங்க விதையிலிருந்து கரஞ்சின் என்ற பொருள் முன்பே பிரிக்கப்பட்டிருந்தது. சேஷாத்திரியும் அவருடைய மாணவர் எஸ். ரங்கசாமியும் அதே எண்ணெயிலிருந்து பொங்கமால் என்ற மற்றொரு பொருளைப் பிரித்தனர்.

மாணவரை வளர்ப்பதற்கும் இந்தத் தேர்வே அடிப்படையாயிற்று. ஆய்வுகள் யாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பொருள்களைப் பற்றியவை. ஆதலால் ஒரு மாணவர் கண்ட முறை அடுத்தவருக்குக் கருவியாகும். எடுத்துக்காட்டாக, பெர்சல்பேட் என்னும் எளிய உப்பைக் கொண்டு ஃப்ளேவனாய்டு வளையத்தில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியைச் சேர்க்கும் முறையை இக்குழுவினர் பல பொருள்களில் கையாண்டனர். எளிய பொருளிலிருந்து சிக்கலான பொருளைச் செடியும் இவ்வாறே படிப்படியாக ஆக்கக்கூடும் என்ற கருத்தையும் சேஷாத்திரி முன்வைத்தார்.

இடையூறுகளும் வந்தன. 1942 ஏப்ரல் 6-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் விசாகப்பட்டினத்தில் குண்டு வீசின. பல்கலைக்கழகம் குண்டூருக்கு இடம்பெயர நேர்ந்தது. ஆயினும் ஆய்வு நின்றுவிடவில்லை. பூவரசம்பூவைப் பற்றிய கட்டுரை அந்தப் போர்க்காலத்தில், 1943-இல், வெளியாயிற்று. ஆய்வு கட்டடத்தில் இருப்பதன்று, பழக்கப்பட்ட கைகளிலும் கேள்வி கேட்கும் மனத்திலும் இருப்பது என்பதற்கு இது சான்றாகும்.

1949-இல் அவர் டில்லிப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, அங்கும் ஓர் ஆய்வுக் குழுவை உருவாக்கினார். 1960-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்; 1963-இல் பத்ம பூஷண் பெற்றார். 1965-இல் ஓய்வு பெற்ற பின்னும் ஆய்வைத் தொடர்ந்து, 1975 செப்டம்பர் 27-ஆம் நாள் மறைந்தார். அவர் குழு வெளியிட்ட கட்டுரைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. அவரிடம் பயின்று டாக்டர் பட்டம் பெற்றவர் ஏறத்தாழ 160 பேர்.

இவ்விரு எண்களுள் எது பெரிது? புதிய கருவிகள் வரும்போது பழைய கட்டுரைகள் திருத்தப்படலாம். அது அறிவியலின் இயல்பு. ஆனால் பயிற்சி பெற்ற மாணவர் தாமே ஆசிரியராகிறார். புங்க எண்ணெயை ஆராய்ந்த ரங்கசாமி பின்னாளில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் வேதியியல் பேராசிரியராக விளங்கி, அடுத்த தலைமுறையை உருவாக்கினார். ஆய்வுத் தலைமை என்பது தம் பெயரால் நூறு வேலைகளை நடத்துவதன்று. தாம் இல்லாதபோதும் வேலை நடக்குமாறு ஆட்களை ஆக்குவதேயாகும். ஆய்வுத் துறையில் புகவிருக்கும் மாணவர்கள், தமக்கு வழிகாட்டியைத் தேடும்போது, அவருடைய கட்டுரைகளை எண்ணுவதோடு நில்லாமல், அவரிடம் பயின்றவர்கள் இன்று என்ன செய்கிறார்கள் என்றும் கேட்பது நலம்.